பூட்டிய வைரத்துக்கு ஒற்றைத் தரம் எழுதாதீர்கள்

ஆடிவேல் காலத்தில் கொழும்புச் செட்டியார் தெருவுக்கும் ஜிந்துப்பிட்டிக்கும் வருபவர்களில் கனடாவிலும் லண்டனிலும் இருந்து விடுமுறைக்கு வந்தவர்கள் அதிகம். வெள்ளவத்தையில் உறவினர் வீட்டில் தங்கியிருப்பார்கள். அம்மாவின் பெரிய வைர மோதிரத்தை நம் நகைக்கடை மேசையில் வைத்து, “எத்தனை கரட், என்ன தரம், எவ்வளவு பெறும்? வெள்ளிக்கிழமை பிளைட்” என்பார்கள். மூன்றுக்கும் அன்றே ஒரே தாளில் விடை எழுதிக் கொடுக்கும் வழக்கத்தை நாம் கைவிட வேண்டும்.

நம் மண்ணில் நீலக்கல் உண்டு, வைடூரியம் உண்டு; வைரம் இல்லை. தலைமுறையாக நம் கண் பழகியது வண்ணக்கல்லில். அந்தத் திறமை பெரிது, ஆனால் வைரத்துக்கு அது போதாது.

எடையையே பாருங்கள். கல்லைக் கழற்றாவிட்டால் கணக்குத்தான் வழி: வட்ட வைரத்துக்கு விட்டத்தின் வர்க்கத்தை ஆழத்தால் பெருக்கி, மீண்டும் 0.0061-ஆல் பெருக்குகிறோம். விட்டம் 8.1 மில்லிமீற்றர், ஆழம் 4.9 என்றால் 1.96 கரட். ஆழம் 5.1 என்றால் 2.04. கல்லின் அடி பொன்னுக்குள் மறைந்திருக்கையில் 0.2 மில்லிமீற்றர் தவறுவது எளிது. ஆனால் 2 கரட் என்ற எல்லையில் கரட் விலையே ஏறிவிடுகிறது. நிறமும் அப்படித்தான், மஞ்சள் பொன் தன் சாயலைக் கல்லில் ஏற்றும். பிடிநகத்தின் கீழ் ஒளிந்த குறையைப் பத்து மடங்கு லூப்பும் காட்டாது. அமெரிக்காவின் ஜிஐஏ ஆய்வுகூடம் பூட்டிய வைரத்துக்குத் தர அறிக்கை கொடுப்பதில்லை. கழற்றிய கல்லையே கேட்கிறது. அவர்கள் தயங்கும் இடத்தில் நாம் நிறம் ‘எஃப்’, தெளிவு ‘விவிஎஸ்’ என்று துணிந்து எழுதலாமா?

ஆய்வுகூடத்தில் வளர்த்த வைரம் வந்தபின் பொறுப்பு இன்னும் கூடிவிட்டது. வெப்பக் கடத்தலைப் பார்க்கும் பேனாக் கருவிக்கு அதுவும் வைரமே, ஏனெனில் அது உண்மையிலேயே வைரம். இடுப்பு விளிம்பில் லேசரில் பொறித்த இலக்கத்தையும் அப்படியே நம்பக்கூடாது. இயற்கை வைரத்தின் அறிக்கை இலக்கத்தைப் பொறித்த ஆய்வுகூட வைரங்கள் பிடிபட்டிருக்கின்றன. அறிக்கையிலுள்ள அளவுகளோடும் குறைகளோடும் கல் பொருந்துகிறதா என்று பார்த்தே ஆகவேண்டும். ஐயம் தீராவிட்டால் ஆய்வுகூடத்துக்கு அனுப்புங்கள். ஜிஐஏ ஆய்வுகூடங்கள் மும்பையிலும் பாங்கொக்கிலும் உள்ளன. வெள்ளிக்கிழமைக்குள் அது முடியாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

விலை மதிப்பீடு தனித் தாளில் இருக்கட்டும். தர அறிக்கையில் ஜிஐஏ விலை போடுவதில்லை. ரொறன்ரோவில் காப்புறுதிக்காகக் கேட்கப்படுவது, அதே போன்ற மோதிரத்தை அங்கே புதிதாக வாங்க ஆகும் செலவு; நம் தெருவில் விற்றால் கையில் வரும் தொகை அதைவிட மிகக் குறைவு. எந்த நோக்கம், எந்தச் சந்தை, எந்த நாணயம், எந்தத் திகதி என்று குறிக்காத தொகையை நம்பிச் சகோதரங்கள் பாகம் பிரித்தால், ஒருவருக்கு அநியாயம் நடக்கும்.

பூட்டிய கல்லுக்கு நாம் தரக்கூடியது, ‘பூட்டிய நிலையில் பார்த்தது’ என்று தலைப்பிலேயே எழுதி, நிறத்துக்கும் தெளிவுக்கும் ஒரு வீச்சும் எடைக்கு ஓர் உத்தேச அளவும் குறித்த தாள். கழற்றுவதானால் உரியவர் பக்கத்தில் இருக்கட்டும். நகம் தேய்ந்திருக்கிறதா, விளிம்பில் சில்லு போயிருக்கிறதா என்று முன்னரே அவருக்கு லூப்பில் காட்டி, படமெடுத்து, பற்றுச்சீட்டில் எழுதிக் கையொப்பம் வாங்குங்கள். திருப்பிக் கொடுக்கும்போதும் அதே குறைகளை அவரே லூப்பில் பார்த்துச் சரி சொன்ன பிறகே மோதிரம் மேசையைத் தாண்ட வேண்டும்.