பரிமாறுபவரும் உட்காரட்டும்

18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்துச் செல்வந்தர்களின் சாப்பாட்டு அறைகளில் ‘சைட்போர்டு’ இடம்பிடித்தது. சுவரோரம் நிற்கும் அந்த நீள அலமாரியில் உணவை வைத்துப் பணியாளர்கள் பரிமாறினர்.

நம் வட்டாரத்தில் அதற்கு உறவு, மலாய், பெரனாக்கன் வீடுகளின் ‘கெரோபோக்’. சமைத்த உணவை வைக்கும் மர அலமாரி. காற்றோட்டத்துக்குக் கம்பிவலை, எறும்பு ஏறாமலிருக்கக் கால்களுக்கு அடியில் தண்ணீர்க் கிண்ணங்கள். குளிர்பதனப் பெட்டி வந்ததும் அதற்கு வேலை போயிற்று.

இன்றைய வீவக வீடுகளில் சைட்போர்டு இருந்தாலும், அதன்மேல் பெரும்பாலும் வைஃபை கருவி, மருந்துப் பை, பிரிக்காத கடிதங்கள். உள்ளே இருக்கும் நல்ல தட்டுகள் தீபாவளிக்குத்தான் வெளியே வரும்.

அதை அன்றாடம் பயன்படுத்தலாமே! தேக்காவில் வாங்கிய எவர்சில்வர் தட்டு, தம்ளர், ஊறுகாய், தண்ணீர் எல்லாம் மேசைக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். சோற்றையும் குழம்பையும் அதன்மேல் வைத்து அவரவர் போட்டுக்கொள்ளட்டும்.

வாங்குமுன் நாற்காலியைப் பின்னால் இழுத்துப் பார்த்து இடத்தை அளந்துகொள்ளுங்கள். ஒரு நாற்காலி கூடுதலாகத் தேவைப்படும். எல்லாருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் தனியாகச் சாப்பிடும் அம்மாவும் இனி உங்களோடு உட்காருவாரே!