வாய்க்காலை அடைத்தவருக்குப் பணம், வரப்பில் நின்றவருக்கு?

2014ஆம் ஆண்டின் முற்பகுதியில் கிள்ளான் பள்ளத்தாக்கில் நடைபெற்ற நீர்ப் பங்கீட்டை ஆசிரியப் பெருமக்கள் மறந்திருக்கமாட்டார்கள். இரண்டு நாள் குழாயில் நீர் வரும். இரண்டு நாள் வராது. பங்சாரில் எங்கள் அடுக்குமாடியில் பாத்திரம், பீப்பாய், குழந்தையைக் குளிப்பாட்டும் தொட்டி என அனைத்திலும் நீர் பிடித்து வைத்தோம். பள்ளியில் கழிவறை வாளிகளை நிரப்பி வைப்பதே காலைக் கடமையாயிற்று. அந்நாளில் ஆசிரியர் அறையில் நண்பர் ஒருவர், அறிவியல் கற்பிப்பவர், இவ்வாறு கூறினார்: "நெல் வயல்களில் கணுக்கால் மறைய நீரைத் தேக்கி வைத்திருக்கிறார்கள். வறட்சி தீரும்வரை மடையை அடைத்துவிட்டு, உழவர்களுக்கு ஏதேனும் பணம் கொடுத்தால் தீர்ந்தது!" அறையில் இருந்தோர் அனைவரும் தலையசைத்தோம். நானும் அசைத்தேன்.

அந்தத் தலையசைப்பைத் திரும்பப் பெற்றுக்கொள்ளவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

நண்பர் கூற்றில் உண்மையே இல்லை என்று சொல்ல வரவில்லை. ஒரு கிலோ நெல் விளைய ஏறத்தாழ 2,500 லிட்டர் நீர் வேண்டும் என்பது நெல்லாராய்ச்சியாளர் கணக்கு. உலகில் மனிதன் ஆறுகளிலிருந்தும் நிலத்தடியிலிருந்தும் எடுக்கும் நன்னீரில் பத்தில் ஏழு பங்கு வேளாண்மைக்கே செல்கிறது. வறட்சிக் காலத்தில் நகரத்தின் தொண்டை காயும்போது, கண்கள் வயலை நோக்கித் திரும்புவது இயல்பே. ஆனால் நோக்கிய பின் என்ன செய்கிறோம் என்பதில்தான் அறமும் மறமும் பிரிகின்றன.

முதலில், பணமே தர வேண்டியதில்லை என்பாரை எடுத்துக்கொள்வோம். நீர் இயற்கை தந்தது, அதற்கு உழவன் எப்படி விலை கேட்கலாம் என்பர் இவர். காவிரி வழக்கில் 2018ஆம் ஆண்டு பிப்ரவரி 16 அன்று இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, தமிழ்நாட்டுக்குரிய 192 டி.எம்.சி. 177.25 ஆகக் குறைக்கப்பட்டது. குறைத்த 14.75இல் 4.75 பெங்களூரு மாநகரின் குடிநீர்த் தேவை முதலியவற்றுக்கெனக் கூறப்பட்டது. குடிநீருக்கு முதலிடம் என்பதை மறுப்பார் எவருமிலர். ஆயினும் டெல்டாவின் கடைமடையில் நிற்கும் உழவனிடமிருந்து போன அந்த நீருக்கு ஒரு காசு விலை பேசப்படவில்லை. ஒரு நகரம் வளர்கிறது. அதன் வளர்ச்சிக்கான செலவை நானூறு கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள ஒருவன் தன் நெல்லால் கட்டுகிறான். இதனைப் பங்கீடு என்று சொல்லலாம். ஈடு என்று சொல்ல இயலாது.

ஆகவே பணம் தரவேண்டும் என்னும் கட்சியே என் கட்சி. ஆனால் யாருக்கு, எதற்கு, எப்போது என்ற மூன்று வினாக்களுக்கு விடை சொல்லாமல் பணத்தை எடுத்து நீட்டுவோரோடு எனக்கு வழக்கு உண்டு.

சென்னையின் கதையைப் பாருங்கள். 2003, 2004 ஆண்டுகளில் அந்நகரின் ஏரிகள் வறண்டபோதும், பின்னர் 2019இல் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வற்றி, சூலை 12 முதல் சோலார்பேட்டையிலிருந்து தொடர்வண்டியில் நீர் கொண்டுவரப்பட்டபோதும், குடிநீர் வாரியம் திருவள்ளூர்ப் பகுதியின் வேளாண் கிணறுகளை நாடியது. கிணற்றுக்கு உரியவர் வயலுக்கு இறைக்கும் நீரை வாரியத்துக்கு விற்றார். அவருக்கு இது நல்ல வணிகமே. பயிர் வைத்து மழையை நம்பி, பூச்சியை நம்பி, சந்தையை நம்பிக் காத்திருப்பதைவிட, மோட்டாரின் பொத்தானை அழுத்திவிட்டுத் திண்ணையில் அமர்ந்திருத்தல் எளிது. அவரை நான் குறை கூறேன். நானாக இருந்தாலும் அதையே செய்திருப்பேன்.

ஆனால் அந்த வயலில் நாற்று நட வந்த பெண்களுக்கும், களை எடுக்கவும் கதிர் அறுக்கவும் வந்தவர்களுக்கும் வேலை இல்லை. அவர்களுக்குக் கிணறு இல்லை, நிலம் இல்லை, மின்னிணைப்பும் இல்லை. ஆகவே விற்பதற்கும் ஒன்றுமில்லை. அக்கிராமங்களை ஆய்ந்தவர்கள் நிலமற்றோரின் இந்த இழப்பை எழுதி வைத்திருக்கிறார்கள். அடுத்த வயலின் ஆழமில்லாத கிணறும் வற்றிப்போகும். இன்னொரு கேடும் இதில் உண்டு. வாரியம் விலை கொடுத்தது நீரை நிலத்திலேயே விட்டுவைப்பதற்கு அன்று. அதை இறைத்துத் தருவதற்கு. மீஞ்சூர்ப் பக்கம் பல பத்தாண்டுகளாகக் கடல்நீர் நிலத்தடியில் ஊடுருவி வருவதை அறிந்தும், இறைப்பதற்கே கூலி கொடுத்தால் இறைப்பு எங்ஙனம் குறையும்?

இறைக்காமல் இருப்பதற்கு விலை கொடுத்த இடங்களும் உள்ளன. அமெரிக்காவின் டெக்சாசு மாநிலத்தில் எட்வர்ட்சு என்னும் நிலத்தடி நீர்ப்படுகையை நம்பி சான் அந்தோனியோ மாநகரும் வாழ்கிறது, உழவரும் வாழ்கின்றனர், ஊற்றுகளில் அரிய உயிரினங்களும் வாழ்கின்றன. அங்கு 2014 முதல் ஓர் ஒப்பந்தம் நடைமுறையில் உள்ளது. விரும்பும் உழவர் முன்னதாகவே பெயர் கொடுத்துவிடுவர். மழை பெய்தாலும் பொய்த்தாலும் காத்திருப்பதற்கென்று ஆண்டுதோறும் ஒரு தொகை அவருக்கு உண்டு. அக்டோபர் முதல் நாள், ஜே-17 என்னும் அளவுக் கிணற்றின் நீர்மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் 635 அடிக்கோ அதற்குக் கீழோ இருந்தால், மறு ஆண்டு அவர் ஒப்புக்கொண்ட அளவு நீரை இறைக்கக் கூடாது. அதற்குத் தனித்தொகை உண்டு. 2014 அக்டோபரில் மட்டம் தாழ்ந்தது. 2015இல் பாசனம் நிறுத்தப்பட்டது. விதைப்புக்கு முன்பே உழவனுக்குச் செய்தி தெரிந்துவிடுகிறது என்பதே இதன் சிறப்பு. பாதி வளர்ந்த பயிரைக் காயவிட்டுப் பின்னர் நிவாரணப் படிவத்தோடு வரிசையில் நிற்பதற்கும் இதற்கும் எத்துணை வேறுபாடு!

2017 சனவரியில் தமிழ்நாடு அரசு எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவை என்று அறிவித்து நெல்லுக்கு ஏக்கருக்கு 5,465 ரூபாய் அளித்தது. வேலை உறுதித் திட்டத்தின் நாட்களை 100இலிருந்து 150 ஆக உயர்த்துவதாகவும் அவ்வறிவிப்பில் கூறியது. கூலியாள் நினைவில் வந்தாரே என்று மகிழ வேண்டியதுதான். எனினும் அது இழந்த பின் இரங்கித் தருவது. ஒப்பந்தம் பேசித் தருவது அன்று.

இனி என் சொந்தக் கதை ஒன்று. பங்சார் என்னும் பெயரே ஒரு இரப்பர்த் தோட்டத்தின் பெயரிலிருந்து வந்தது என்பதை நம் மாணவர்களில் எத்தனை பேர் அறிவர்? நான் பிறந்தது வேறொரு தோட்டம், கிள்ளானுக்கு அப்பால். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் நான் பயின்றுகொண்டிருந்த ஆண்டுகளில் அத்தோட்டம் வீடமைப்புக்கு விற்கப்பட்டது. நிலத்துக்கு விலை பேசினார்கள். மரத்துக்குக்கூட விலை பேசினார்கள். முப்பது ஆண்டு பால் வெட்டிய என் தாயாருக்கு என்ன விலை என்று எவரும் பேசவில்லை. வேலைநீக்கச் சட்டம் பேசிற்று. 1980ஆம் ஆண்டின் விதிகளின்படி ஐந்தாண்டுக்கு மேல் உழைத்தவருக்கு ஆண்டுக்கு இருபது நாள் ஊதியம். தொகை சிறிதுதான். அதையும் இழுத்தடித்தே கொடுத்தார்கள். ஆனால் பெரட்டில் பெயர் கூப்பிட்ட பதிவேடு இருந்தது. ஆகவே கேட்க ஒரு பிடி இருந்தது. நடவுக்குச் செல்லும் பெண்ணுக்கு எந்தப் பதிவேடு? அவள் எவ்விதியைக் காட்டிக் கேட்பாள்? நில உரிமையாளருக்குப் பணம் கொடுத்துவிட்டால் கணக்குத் தீர்ந்தது என்று சொல்பவர், எங்கள் தோட்டத்தை விற்றவரின் கணக்கைத்தான் எழுதுகிறார்.

நம் நாட்டிலேயே இதற்கு முன்னுதாரணம் உண்டு. கெடாவின் மூடா பாசனத் திட்டம் 1970 முதல் ஆண்டுக்கு இரு போகம் விளைவித்தது. 1978இல் வறட்சியால் ஒரு போகம் முழுமையாகக் கைவிடப்பட்டது. அக்காலத்துக் கெடாக் கிராமம் ஒன்றை நுணுகி ஆய்ந்து சேம்சு சுகாட் என்னும் அறிஞர் 1985இல் வெளியிட்ட நூலைப் படிப்போர், அரசு உதவிகள் ஊருக்குள் வந்தபோது கட்சி முகம் பார்த்துப் பங்கிடப்பட்டதையும் காண்பர். பட்டியலை எழுதுபவர் யார் என்பது தொகையைவிடப் பெரிய கேள்வி. இன்று மூடாவில் விதைப்பும் அறுவடையும் பெரும்பாலும் எந்திரத்தால் நடைபெறுகின்றன; கூலியாட்கள் குறைந்துவிட்டனர் என்பதை ஒப்புக்கொள்கிறேன். மூடா ஆற்று நீருக்காகக் கெடா அரசு பினாங்கிடம் கட்டணம் கோரும் சர்ச்சையோ அரசுக்கும் அரசுக்கும் நடப்பது. வயலில் நிற்பவர் அதில் ஒரு தரப்பாகக்கூட இல்லை.

பதிவேடு இல்லாதவர்க்கு எப்படிக் கொடுப்பது என்று கேட்பர். வழியுண்டு. கலிபோர்னியாவின் பாலோ வெர்தே பள்ளத்தாக்கில் 2005இல் தொடங்கிய 35 ஆண்டுத் தரிசுத் திட்டத்தில், நிலத்துக்குரியவருக்கு ஏக்கருக்கு 3,170 டாலர் முன்தொகை கொடுத்த தென்கலிபோர்னிய மாநகர நீர் மாவட்டம், ஊர் நலனுக்கென 60 லட்சம் டாலரைத் தனியே ஒதுக்கிற்று. தரிசு போட்டால் இழப்பு நில உரிமையாளரோடு நிற்காது என்பதைப் பணம் படைத்த அந்நகரமே ஒப்புக்கொண்டது அன்றோ? போதுமா என்று கேட்டால், போதாது. ஆனால் சென்னைக்கு அந்த எண்ணமே தோன்றவில்லையே!

அதைவிடச் சிறந்த வழி வயலைத் தரிசாக்காமலே நீரைக் குறைப்பது. பஞ்சாபில் 2018இல் ஒரு திட்டம் வந்தது. உழவருக்கு ஒரு மின் அளவு வரையறுத்து, அதில் பயன்படுத்தாமல் மிச்சப்படுத்தும் ஒவ்வோர் அலகுக்கும் 4 ரூபாய் கொடுத்தனர். மின்சாரம் மிஞ்சினால் நிலத்தடி நீரும் மிஞ்சும்; பயிரும் நிற்கும்; பயிர் நின்றால் களை எடுப்பவளுக்கும் அறுப்பவளுக்கும் வேலை நிற்கும். நம் முன்னோர் காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டுவது என்று கூறியதும் இதுவே. வயலில் நீரை எப்போதும் தேக்கி வைக்காமல், மண் சற்றுக் காய்ந்த பின் மீண்டும் பாய்ச்சுதல். இதற்குத் திறனும் வேண்டும், துணிவும் வேண்டும்; தவறினால் விளைச்சல் குன்றும். அந்தத் துணிவுக்கு நகரம் விலை கொடுக்கட்டும். அதிலும் போதாத ஆண்டில் மட்டும் தரிசு பேசட்டும். பேசும்போது நட்டு, களையெடுத்து, அறுக்கும் ஒவ்வொருவரின் நாட்கூலியையும் அந்தப் பேச்சில் வைக்கட்டும். பட்டியலை ஊர் மன்றத்தில் உரக்கப் படிக்கட்டும்; பெரட்டில் பெயர் கூப்பிட்டதுபோல.

இதற்கெல்லாம் பணம் எங்கே என்று என் நண்பர் இன்றும் கேட்பார். சிலாங்கூரில் 2008 முதல் பல ஆண்டுகள் வீடுதோறும் மாதம் 20 கன மீட்டர் நீர் இலவசமாகக் கிடைத்தது; வசதி படைத்தவர்களும் பெற்றார்கள். பங்சார் கூட்டரசுப் பிரதேசத்தில் இருப்பதால் எனக்கு அது இல்லை. அதனால் வந்த பொறாமை என்று எண்ணவேண்டாம். இலவச நீரில் சீருந்து கழுவிய கையே, உழவனின் நீர் இலவசம்தானே என்றும் சுட்டிக் காட்டிற்று. வறட்சி ஆண்டில் என் வீட்டு நீர்க் கட்டணச் சீட்டில் உழவருக்கென்றும் உழைப்பவருக்கென்றும் இரண்டு வரிகள் தனித்தனியே அச்சிடப்பட்டு வருமானால், முணுமுணுத்துக்கொண்டேனும் கட்டிவிடுவேன். இரண்டாவது வரி இல்லாமல் வந்தால், சீட்டைத் திருப்பி அனுப்புவேன்.