சாட்சிக்குத் தண்டனை

காரின் முகப்பில் என்ஜின் வடிவில் ஒரு மஞ்சள் விளக்கு இருக்கிறது. அது எரிந்தால் பல பட்டறைகளில் நடப்பது ஒன்றுதான். ஸ்கேனரைச் செருகுகிறார்கள். திரையில் ஒரு எண் வருகிறது. அந்த எண்ணோடு எந்த சென்சாரின் பெயர் சம்பந்தப்பட்டிருக்கிறதோ, அதைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிது மாட்டுகிறார்கள். விளக்கு அணைகிறது. பில் சில ஆயிரங்கள். நாலாம் நாள் விளக்கு மறுபடியும் எரிகிறது.

போட்டது டூப்ளிகேட் என்கிறார் வாடிக்கையாளர். ஒரிஜினல்தான் என்று சத்தியம் செய்கிறார் மெக்கானிக். சில சமயம் வாடிக்கையாளரின் சந்தேகம் சரிதான். ஆனால் பல சமயம் கழற்றி எறிந்த பழைய சென்சாருக்கே எந்தக் கோளாறும் இருந்திருக்காது.

கார்புரேட்டர் காலத்தில் மெக்கானிக்குகள் காதாலும் மூக்காலும் வைத்தியம் பார்த்தார்கள். 2010-ல் முக்கிய நகரங்களில் பாரத் ஸ்டேஜ்-4 விதிகள் வந்தபோது, கார் தன் கோளாறைத் தானே கண்டறிந்து பதிவு செய்யும் ஏற்பாடும் சேர்ந்து வந்தது. 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ்-6 வந்தபின் விதிகள் மேலும் இறுகின. கார் பேசத் தொடங்கிவிட்டது. அது என்ன சொல்கிறது என்று புரிந்துகொள்வதில்தான் சிக்கல்.

சென்சார் வெறும் சாட்சி. பார்த்ததைச் சொல்வதோடு அதன் வேலை முடிகிறது. புகைக் குழாயில் இருக்கும் ஆக்சிஜன் சென்சாரை எடுத்துக்கொள்ளலாம். வெளியேறும் வாயுவில் ஆக்சிஜன் மிஞ்சியிருந்தால், பல கார்களில் அது 0.1 வோல்ட்டை ஒட்டிக் காட்டும். பெட்ரோல் அதிகமாகி ஆக்சிஜன் தீர்ந்திருந்தால் 0.9 வோல்ட்டை ஒட்டிக் காட்டும். இதைப் பார்த்து என்ஜினின் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டும், குறைக்கும். எவ்வளவு கூட்டியும் கலவை சரியாகவில்லை என்றால் 'பி 0171' என்று பதிவு செய்துவிட்டு விளக்கைப் போடும். காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்பதே அதன் பொருள். சென்சார் கெட்டுவிட்டது என்று அந்த எண் சொல்லவில்லை.

குற்றவாளி வேறெங்கோ இருக்கலாம். வெடித்துப்போன ஒரு ரப்பர் டியூப், அளவில் சேராத காற்றை என்ஜினுக்குள் விடலாம். பெட்ரோல் பம்ப் தளர்ந்திருக்கலாம். இன்ஜெக்டர் அடைத்திருக்கலாம். சென்சாருக்கு முன்னால் புகைக் குழாயில் ஓட்டை விழுந்து, வெளிக்காற்று புகுந்து சாட்சியையே ஏமாற்றலாம். 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்கும் இதில் சிறு பங்கு உண்டு. எத்தனாலிலேயே ஆக்சிஜன் இருப்பதால், அதே காற்றுக்குக் கூடுதல் எரிபொருள் தேவைப்படும். ஏற்கெனவே கசிவுள்ள பழைய கார் இதனால் எல்லையைத் தாண்டிவிடலாம். இவற்றில் எதையும் புது சென்சார் சரிசெய்யாது.

அப்படியானால் விளக்கு ஏன் அணைந்தது? ஸ்கேனரால் பதிவை அழித்ததால்தான். பல கோளாறுகளை அடுத்தடுத்த இரண்டு ஓட்டங்களில் பார்த்த பிறகே கம்ப்யூட்டர் விளக்கைப் போடும். சில சோதனைகளை என்ஜின் சூடாகி, சீரான வேகத்தில் ஓடும்போதுதான் நடத்தும். இடைப்பட்ட நாட்களை எல்லோரும் குணம் என்று எண்ணிக்கொள்கிறார்கள். கோளாறு தோன்றிய நேரத்தில் வேகம் என்ன, என்ஜின் சூடு என்ன என்று கம்ப்யூட்டர் எழுதி வைத்திருக்கும் குறிப்பும் அதே அழிப்பில் போய்விடுகிறது. குறித்துக்கொள்ளாமல் அழிப்பது தடயத்தைத் துடைப்பதற்குச் சமம்.

சென்சாரின் மின்சுற்றில் கோளாறு என்றே எண் சொன்னாலும் அவசரம் கூடாது. மின்சுற்று என்றால் சென்சார் மட்டுமல்ல, வயர், கப்ளர், எர்த் எல்லாம் அதில் அடக்கம். எலி கடித்த வயரும், மழைநீர் புகுந்து பச்சை பூத்த கப்ளரும் நம் ஊர்களில் அபூர்வமல்ல. என்ஜின் சூட்டை அளக்கும் இரண்டு வயர் சென்சாருக்குச் சுலபமான சோதனை உண்டு. கப்ளரைக் கழற்றினால் பல கார்களில் ஸ்கேனர் மைனஸ் 40 டிகிரியை ஒட்டிக் காட்டும். கப்ளரின் இரு முனைகளையும் இணைத்தால் உச்சத்துக்கு ஏறும். இரண்டும் நடந்தால் வயரிங் சரி, சந்தேகம் சென்சார் மீதுதான். நடக்காவிட்டால் புது சென்சார் வாங்குவது வீண். ஒரு சிலிண்டர் மட்டும் எரியாமல் தவறினால், அதன் இக்னிஷன் காயிலை அடுத்த சிலிண்டருக்கு மாற்றிப் பார்க்கலாம். கோளாறும் கூடவே இடம் மாறினால் காயில்தான் குற்றவாளி. செலவு பத்து நிமிடம்.

பிறகு ஏன் யாரும் சோதிப்பதில்லை? பழியை மெக்கானிக் மீது மட்டும் போட முடியாது. டப்பாவில் வரும் பாகத்துக்குப் பேசாமல் பணம் தரும் வாடிக்கையாளர், ஒரு மணி நேரத் தேடலுக்குக் கூலி கேட்டால் "சும்மா பார்த்ததற்கா?" என்கிறார். காசு கிடைப்பது பாகத்தில் என்றால் பட்டறை பாகத்தைத்தான் விற்கும்.

இதில் அதிகம் நசுங்குவது காரை நம்பிப் பிழைக்கும் டாக்சி டிரைவர்தான். மூன்றாவது தடவை எரியும் விளக்கை அவர் பொருட்படுத்துவதில்லை. அப்படியே ஓட்டுகிறார். அந்த விளக்கு ஒரு நாள் மினுக்கத் தொடங்கும். எரியாத பெட்ரோல் கேட்டலிடிக் கன்வர்ட்டருக்குள் போய் அதைப் பொசுக்குகிறது, வேகத்தைக் குறை என்பது அதன் அர்த்தம். கன்வர்ட்டரின் விலைக்கு முன்னால் சென்சார் விலை சில்லறை.

பட்டறையில் கேட்க வேண்டியவை மூன்று. என்ன எண் வந்தது? அழிக்கும் முன் குறித்துக்கொண்டீர்களா? இந்தப் பாகம்தான் என்று எந்தச் சோதனை சொன்னது? மூன்றாவது கேள்விக்குப் பதில் வைத்திருக்கும் மெக்கானிக்குக் கேட்ட கூலியைத் தாராளமாகக் கொடுக்கலாம்.