கதவைத் திறந்த கைகள்



சிறுவனாகிய சாமுவேலைக் கர்த்தர் பேர்சொல்லி அழைத்த இரவை நாம் ஓய்வுநாள் பள்ளியிலேயே கற்றிருக்கிறோம். மறுநாள் காலையில் அவன் என்ன செய்தான் என்று கேட்டால் நம்மில் பலர் தயங்குவோம். கர்த்தருடைய ஆலயத்தின் கதவுகளைத் திறந்தான் என்கிறது 1 சாமுவேல் 3:15. ஏலியின் வீட்டின்மேல் வரப்போகும் நியாயத்தீர்ப்பை அவன் கேட்டிருந்தான். அதைச் சொல்லப் பயந்துமிருந்தான். ஆயினும் கதவுகள் திறக்கப்பட்டன. தேவசத்தத்தைக் கேட்டவன் என்பதால் கதவு திறக்கும் வேலை அவனுக்குச் சிறியதாகிவிடவில்லை.

அதே சாமுவேல் முதியவனானபோது, ஜனங்கள் தங்களுக்கு ஒரு ராஜா வேண்டும் என்று கேட்டார்கள். அது அவன் மனதை நோகச் செய்தது. பின்பு அவர்களே பயந்துபோய், தங்களுக்காக விண்ணப்பம் செய்யும்படி அவனை வேண்டிக்கொண்டார்கள். அவர்களுக்காக ஜெபியாமல் விட்டுவிடுவது கர்த்தருக்கு விரோதமான பாவம் என்பதே அவனுடைய பதிலின் சாரம் (1 சாமுவேல் 12:23). பிறருக்காக ஜெபிப்பதை அவன் ஒரு தயவாக எண்ணவில்லை. தன்மேல் விழுந்த கடமையாக எண்ணினான்.

இங்கே நான் ஒன்றை அறிக்கையிட வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் ஆராதனை முடிந்ததும் ஒரு தாயார் தம் மகனுக்காக ஜெபிக்கக் கேட்டார். "கண்டிப்பாக ஜெபிக்கிறேன்" என்றேன். மூன்று வாரம் கழித்து வாசலில் நின்று, "நீங்க ஜெபம் பண்றீங்கங்கிற தைரியத்துலதான் ஐயா இருக்கேன்" என்றார். நான் ஒருநாளும் ஜெபித்திருக்கவில்லை. அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை. அன்றிரவு முழங்காலில் நின்றபோது, முதலாவது என் பொய்க்காகவே மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது.

"ஜெபிக்கிறேன்" என்ற சொல் நம் நடுவே மலிந்துவிட்டது என்பதே என் எண்ணம். துக்க வீட்டிலும் மருத்துவமனையிலும் விடைபெறும் வார்த்தையாக அதைச் சொல்லிவிட்டுப் புறப்படுகிறோம். ஆலயக் கதவைத் திறக்க மறந்தால் சபையார் வெளியே நிற்பார்கள். ஒரு மணி நேரத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். ஜெபிக்க மறந்தாலோ ஒருவருக்கும் தெரியாது, கர்த்தர் ஒருவரைத் தவிர. ஆகவேதான் கொஞ்சத்தில் உண்மையாயிருக்கும் பாடத்தை (லூக்கா 16:10) நாம் முதலாவது இங்கே கற்க வேண்டும்.

பிரியமானவர்களே, பெரிய தீர்மானங்கள் வேண்டாம். ஒருவர் ஜெபிக்கக் கேட்டால், கூடுமானால் அங்கேயே நின்று இரண்டு வாக்கியம் ஜெபியுங்கள். வீட்டிற்கு வந்ததும் அந்தப் பெயரை எழுதி வையுங்கள். அடுத்த வாரம், "உங்கள் காரியம் எப்படியிருக்கிறது?" என்று விசாரியுங்கள். ஜெபிக்க இயலாதென்றால் வாக்குக் கொடாதிருங்கள்; அதுவும் உண்மையே.

அந்தத் தாயாரின் மகன் பெயர் இன்றும் என் குறிப்பேட்டின் முதல் வரியில் இருக்கிறது. உங்கள் குறிப்பேட்டின் முதல் வரியில் யாருடைய பெயர் இருக்கப்போகிறது? இன்றிரவு உறங்குமுன் அதை எழுதுங்கள்.

கொஞ்சத்தில் உண்மையாயிருக்கக் கர்த்தர் நமக்குக் கிருபை செய்வாராக. ஆமென்.