மாசிமகக் கூட்டம்

வைத்திக்குப்பத்துத் தீர்த்தவாரி முடிந்த மறுநாள், ‘இவ்வாண்டு ஜனம் குறைவு, பக்தி குன்றிவிட்டது’ என்பார் சிலர், ‘பெருந்திரள்! பக்தி ஓங்கிவிட்டது’ என்பார் வேறு சிலர். தலைகளை எண்ணிப் பக்தியை அளத்தல் எமக்கு உடன்பாடன்று. 2024-ல் மாசிமகம் பிப்ரவரி 24, சனிக்கிழமை. 2025-லோ மார்ச் 12, புதன்கிழமை, அதுவும் பரீட்சைக் காலம். பிள்ளையைப் பரீட்சைக்கு அனுப்பும் தாய், மயிலம் முருகனும் தீவனூர் விநாயகரும் எழுந்தருளும் கரைக்கு அன்று வருவது எங்ஙனம்?

இதனினும் பெரிதொன்றுண்டு; அதனைக் கருதுவார் சிலரே. 1980-களின் இறுதியில் தெற்கே துறைமுகத்துக்கென எழுந்த கற்சுவர்கள், வடக்கு நோக்கி நகரும் மணலைத் தடுத்தன. வடகரையைக் கடல் அரித்தது. மணல் இருந்தவிடத்தே கருங்கற் குவியல் வந்தது. கரை சுருங்கின், பழைய கூட்டமே பெருங்கூட்டமாய்த் தோன்றும். நெரிசலோ வெறுந்தோற்றமன்று, முதியோரும் குழந்தைகளும் கற்களின்மேல் தடுமாறி நீராட நேரும். மீனவர் படகுக்கும் வலைக்கும் அக்குறுங்கரையே இடம்.

அடுத்த மாசிமகத்திற்கு முன் நம் மாணவர் சிலர் கயிறு கொண்டு அம்மணலின் அகலத்தை அளந்து இம்மலரில் வெளியிடுவாராயின், யாம் பெரிதும் மகிழ்வோம்.