எண்ணை ஒளித்தால் புகை ஒளியுமா?

நாட்டுக்கு ஓர் இடர் வந்துவிட்டால் போதும், உடனே ஒரு குரல் எழும்: "எல்லாவற்றையும் சொன்னால் மக்கள் பதற்றமடைந்து விடுவார்கள்." இதைவிடப் பெரிய பொய்யை நான் கேட்டதில்லை.

1997இல் இந்தோனேசியக் காட்டுத்தீயால் எழுந்த புகைமூட்டம் நம்மைச் சூழ்ந்தது. சரவாக்கில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 800ஐத் தாண்டியது. அங்கே அவசரகாலமும் அறிவிக்கப்பட்டது. அதன்பின் நடந்தது என்ன தெரியுமா? அந்த எண்களையே அரசாங்க இரகசியமாக்கிப் பூட்டி வைத்தார்கள்! சுற்றுப்பயணிகள் அஞ்சிவிடுவார்களாம். தன் பிள்ளையின் நெஞ்சுக்குள் போவது என்னவென்று பெற்ற தாய் அறியக்கூடாது. காற்று என்ன, படைத்துறைத் திட்டமா? 2005 ஆகஸ்டு மாதம் கிள்ளான் துறைமுகத்திலும் கோலசிலாங்கூரிலும் எண் 500ஐக் கடந்து, அவசரகாலம் அறிவிக்கப்பட்ட அந்த வாரத்தில்தான் பூட்டுத் திறந்தது. எண்ணைக் கண்டதும் நாடு குலைந்து போயிற்றா? மக்கள் சன்னலைச் சாத்தினார்கள், முகக்கவரி வாங்கினார்கள். அவ்வளவுதான்.

பதற்றம் எதனால் வரும் என்பதை 2020இல் கண்ணாரக் கண்டோம். மார்ச் 16ஆம் நாள் இரவு நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அறிவிக்கப்பட்டது. அது 18ஆம் நாள் நடப்புக்கு வருமுன்னே, மாநிலம் கடந்து செல்வோர் காவல் நிலையத்தில் அனுமதி பெற வேண்டும் என்றார்கள். கூட்டத்தைத் தவிர்க்க வந்த ஆணை, காவல் நிலைய வாசலிலேயே கூட்டத்தைக் கூட்டியது! பிறகு அந்த நிபந்தனை மீட்டுக்கொள்ளப்பட்டது. உண்மையைச் சொன்னதாலா இத்தனை அல்லல்? அரைகுறையாகச் சொன்னதால் அல்லவா!

சரி, புகைமூட்டத்திற்கே வருவோம். இன்று எண் மணிக்கொரு முறை கைப்பேசியிலேயே வருகிறது. அதை வரவேற்கிறேன். ஆனால், எண்ணின் பொருள் வருகிறதா? அந்த எண் கடந்த 24 மணி நேரச் சராசரியைக் கொண்டு கணிக்கப்படுவது என்பதை எத்தனை பெற்றோருக்கு எடுத்துரைத்திருக்கிறோம்? முதல்நாள் காற்று தெளிவாக இருந்து விடியலில் புகை இறங்கினால் எண் உடனே ஏறாது. கண் எரியும்; திரையில் எண் மட்டும் நலமாகவே இருக்கும். அதை நம்பிப் பிள்ளைகளைத் திடலில் ஓடவிடுவோரும் உளர். இன்னொன்று: சாதாரணத் துணிக் கவரி நுண்துகளைத் தடுக்காது. என்95 தடுக்கும், ஆனால், பெரியவர் அளவில் செய்த அது முதலாம் ஆண்டுக் குழந்தையின் முகத்தில் படிந்து நிற்காது. இதை யார் சொல்கிறார்கள்?

100ஐத் தாண்டினால் வெளிப்புற நடவடிக்கை கூடாது, 200ஐத் தாண்டினால் பள்ளி மூடப்படும் என்று விதி இருக்கிறது. நல்ல விதிதான். இரவு 195இல் நின்றால், காலையில் பள்ளி உண்டா இல்லையா? விடியற்காலை ஐந்தரைக்கு என் கைப்பேசி ஒலிக்கும். "சார், இன்னைக்குப் பள்ளிக்கூடம் இருக்கா, இல்லையா?" கேட்பவர் இரவு வேலை முடிந்து திரும்பும் தகப்பனார். அவருக்குப் புலனத்தில் வந்திருப்பதோ, அலுவலக மலாயில் அமைந்த மூன்று பக்கச் சுற்றறிக்கையின் மங்கிய படம்! தமிழ்ப்பள்ளி என்று பெயர்ப்பலகை மாட்டியிருக்கிறோம். இடர் வேளையில் தமிழுக்கு மட்டும் விடுப்பா?

நான்கு வரி போதும் ஐயா. இப்போது எண் என்ன, முடிவு எத்தனை மணிக்குத் தெரியும், அதுவரை பிள்ளையை எங்கே வைத்திருப்பது, ஐயமிருந்தால் யாரை அழைப்பது. முடிவு இன்னும் ஆகவில்லையென்றால், ஆகவில்லை என்றே தமிழில் எழுதி, முதல்நாள் இரவு ஒன்பது மணிக்குள் அனுப்புங்கள்.