செஞ்சிக் கோட்டை யார் அப்பன் வீட்டுச் சொத்து?

"பொது இடம்தானே, ஒரு ராத்திரி டெண்ட் போட்டுப் படுத்தா என்ன குறைஞ்சிடும்?" செஞ்சிக்கு பைக்கில் கிளம்பும் கல்லூரிக் கூட்டங்களில் அடிக்கடி விழும் கேள்வி இது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. வரவு செலவு எழுதிப் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும்.

முதலில் சட்டம். செஞ்சி, இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கும் நினைவுச் சின்னம். 1959ஆம் ஆண்டு விதிகளின்படி பாதுகாக்கப்பட்ட சின்னங்களில் அனுமதித்த இடம் தவிர வேறெங்கும் சமைக்கவும் கூடாது, சாப்பிடவும் கூடாது. பொழுது சாய்ந்தால் இறங்கிவிட வேண்டும். சுவரில் இதயம் வரைந்து அம்பு விட்டுப் பெயர் செதுக்கும் காதல் மன்னர்களுக்கு 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின் 30ஆவது பிரிவு காத்திருக்கிறது: 2 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆக, கோட்டைக்குள் டெண்ட் என்பது சாகசம் அல்ல, அத்துமீறல்.

"சட்டம் கிடக்கட்டும் சார். 1690 முதல் 1698 வரை மொகலாயர் முற்றுகையையே தாங்கின கோட்டை, ஒரு கேம்ப் ஃபயரைத் தாங்காதா?"

தாங்காது. வெடிமருந்து வருவதற்கு முன் கல் உடைப்பவர்கள் பாறையைப் பெயர்த்ததே அதன் மேல் நெருப்பு மூட்டித்தான். சூட்டில் கருங்கல் மேல்தோல் விரிசல் விட்டுப் பாளமாக உரியும். பீரங்கியோடு வந்த எதிரி வெளியே நின்றான். தீப்பெட்டியோடு வருபவர் டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளேயே வருகிறார்!

அடுத்து உயிர். ராஜகிரி சுமார் 800 அடி உயரம். உச்சிக்கு முன்னால் ஒரு ஆழமான பிளவு, அதன் மேல் ஒரு சிறு பாலம். இருட்டில் கால் தவறினால் தூக்கி வர யார் ஏறுவது? கோடையில் காய்ந்த புல்லில் ஒரு பொறி விழுந்தால்? 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்தது. 20க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அவர்களும் சந்தோஷமாகத்தான் கிளம்பினார்கள். காய்ந்த காலத்தில் மலை யாருக்கும் சலுகை தராது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

அப்புறம் அந்தப் புகழ்பெற்ற சாக்கு: "மேலே குப்பைத்தொட்டி இல்லையே!" தண்ணீர் நிரம்பிய பாட்டிலை உச்சி வரை தூக்க முடிந்த கைக்கு, காலி பாட்டிலைக் கீழே கொண்டுவர மட்டும் வலிக்கிறதாக்கும்? விட்டெறிந்த சிப்ஸ் பாக்கெட்டைக் குரங்கு பிய்க்கிறது. மிச்சத்தை மழை அடித்துக்கொண்டு போய்ச் சுனையில் சேர்க்கிறது.

இப்போது கணக்கை முடிக்கலாம். வரவு: நாலு பேருக்கு ஒரு ராத்திரி, நாற்பது போட்டோ. செலவு: கரி பிடித்த கல், குப்பை, தேடி வரும் காவலர், தீயணைப்புக்காரர். வரவு வைப்பவர் ஒருவர், செலவு எழுதுவது ஊர் பேரில். இந்தக் கணக்கை எந்த ஆடிட்டர் கையெழுத்துப் போட்டு ஒப்புக்கொள்வார்?

டெண்ட் அடிக்க ஆசை இருப்பது தப்பே இல்லை. அதைப் பாதுகாக்கப்பட்ட சின்னத்துக்கு வெளியே, உரிமையாளரிடம் கேட்டு, தண்ணீரும் வண்டி வரும் வழியும் உள்ள இடத்தில் வைத்துக்கொள்ளலாம். காட்டில் நடக்க ஆசையா? தமிழக அரசு 2024 அக்டோபரில் 40 மலையேற்றப் பாதைகளை, முன்பதிவோடும் வழிகாட்டிகளோடும் திறந்துவிட்டது. செஞ்சியைப் பார்க்கக் காலையில் வரலாம், ஏறலாம், கல்யாண மகாலையும் களஞ்சியத்தையும் நிதானமாகச் சுற்றலாம், வெளிச்சம் இருக்கும்போதே இறங்கலாம். நெருப்பு வேண்டாம். கொண்டுபோனதைத் திருப்பிக் கொண்டுவரவும்.

2025 ஜூலையில் யுனெஸ்கோ, மராட்டியக் கோட்டைகள் 12ஐ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அதில் 11 மகாராஷ்டிராவில். மீதி ஒன்று செஞ்சி. பலகை வைக்க யுனெஸ்கோ வரும். பாட்டில் பொறுக்க வராது.

பொதுச் சொத்து என்றால் யாருக்கும் சொந்தமில்லாதது என்று அர்த்தமில்லை. இன்னும் பிறக்காதவனுக்கும் அதில் பங்கு உண்டு என்று அர்த்தம்.